ஐம்பத்தேழு கிலோ

தராசுக்காக நிறையப் பட்டினி கிடந்திருக்கிறேன்.
பனியனுக்குள் பொலித்தீன் பை சுற்றி
பேரை வாவியோரம் ஓடி,
போத்தலுக்குள் எச்சிலைத் துப்பித் துப்பி
இருநூறு கிராமைக் கழற்றியிருக்கிறேன்.
நிய்யத் இல்லாத நோன்புகள்.
யாரும் கணக்கில் எழுதாதவை.

இந்த வருடம் போட்டி
றமழான் பதினெட்டில் வந்து நின்றது.

முதல் மூன்று நாளும் தேத்தண்ணீர் கேட்டுத் தலை இடித்தது.
நாலாம் நாள் தலை விட்டது, கால் பிடித்தது.
கயிறு தாண்டும்போது
கொம்பனித்தெரு ஸ்டேஷனில் நிற்காத ரயில்
என் முழங்காலுக்குள்ளால் போனது.

பத்திரண சேர் ஒன்றும் சொல்லவில்லை.
அட்டவணையை அழித்துத் திரும்ப எழுதினார்:
ஐந்தரைக்கு நிழல் குத்து, மெதுவாக.
தராவீஹ் முடிந்து பத்தரைக்குப் பை.
மேல்மாடி குரே அம்மா
பொலிசுக்குச் சொல்வதாக ஒரு இரவு கத்தினார்.
அடுத்த இரவு
காதுக்குப் பஞ்சு வாங்கிவிட்டார்.

"பிரயாணிக்குச் சலுகை இருக்கே" என்றான் மச்சினன் ரிஸ்மி.
எங்கள் சந்தியிலிருந்து அரங்குக்கு
பஸ்ஸில் முப்பது ரூபாய்த் தூரம்.
முப்பது ரூபாய்க்குப் பிரயாணியாக
வெட்கமாயிருந்தது.

ஸஹருக்கு ராத்தா நிறுத்துத்தான் போடுவாள்:
மூன்று முட்டை, ஒரு கோப்பைச் சோறு, இரண்டு கதலி.
நோன்பு திறக்கும்போது கஞ்சியும் அளவுதான்.
ரம்பை வாசத்தை மட்டும்
அளக்காமல் தந்தாள்.
பொரித்த பெட்டிஸ் எல்லாம்
பக்கத்து வீட்டுக்குப் போனது.

படுத்தால் ஒரு கேள்வி நெஞ்சில் ஏறிக் குந்தும்:
இந்தப் பசி யாருக்கு?
அல்லாஹ்வுக்கா, ஐம்பத்தேழு கிலோவுக்கா?
ஒரே வயிறு, ஒரே பகல்.
இரண்டு முதலாளியிடமும் கூலி கேட்கிற
கள்ளத் தொழிலாளி நான்.

நிறுவை நாள். பின்னேரம் நாலு மணி.
வரிசையில் எல்லோரும்
வெடித்த உதட்டோடு, குழிந்த கண்ணோடு,
பார்த்தால் ஊரே நோன்பு பிடித்த மாதிரி.
எனக்கு முன்னால் தினுக.
அவனை இரண்டு முறை வென்றிருக்கிறேன்,
மூன்று முறை அவனிடம் வாங்கியிருக்கிறேன்.
ஜட்டியையும் கழற்றி, துவாய் மறைப்பில் ஏறினான்.
ஐம்பத்தேழு. மயிரிழையில்.
நான் ஏறினேன்.
ஐம்பத்தாறரை.
அரைக் கிலோ மிச்சம்,
அதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

மற்றத் தராசு ஞாபகம் வந்தது.
மறுமையில் தூக்கிப் பிடிக்கிற அது.
அங்கே
எடை குறைந்தவன் தோற்றான்.

தினுக போத்தலைத் திறந்தான்,
அரை லீற்றர், ஒரே மூச்சு.
இரண்டாவதைப் பழக்கதோஷத்தில் என் பக்கம் நீட்டினான்.
நீட்டிய தன் கையைத் தானே பார்த்தான்.
"ஆ, மறந்துட்டன் மச்சான்."
சுவர்ப் பக்கம் திரும்பி நின்று குடித்தான்.
அவன் முதுகு விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாங்குக்கு
இரண்டு மணித்தியாலமும் இருபது நிமிடமும்.

மறுநாள் பதினொரு மணிக்கு மோதினோம்.
முதல் சுற்று எனது.
இரண்டாவதும் எனது என்றுதான் இன்றும் வாதாடுவேன்.
மூலையில் சேர் தண்ணீர் நீட்டினார், கொப்பளிக்க.
கொப்பளித்தேன்.
துப்பினேன்.
நாக்குக்கடியில் ஒரு சொட்டு
போகாமல் நின்றது, குளிராக.
மணியடிக்க ஐந்து வினாடி.
பத்திரண சேர் என் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நடுவர் வேறு எங்கோ.
வாளிக்குக் குனிந்து
அதையும் துப்பினேன்.
எத்தனை கிராம் இருக்கும் அது?

மூன்றாம் சுற்றில் ஒரு நிமிடம் மிச்சமிருக்க
என் கைகள் என்னைக் கேட்காமலே இறங்கின.
அவன் இடது கை நல்ல கை.
மூன்றுக்கு இரண்டு என்று தீர்ப்பு,
அவன் கையைத் தூக்கினார்கள்.

அன்று நோன்பு திறந்து
பெட்டிஸ் ஐந்து சாப்பிட்டேன்.
ராத்தா எண்ணவில்லை.